ஃபிரீசரில் ஐஸ் திருடன்

ஒரு வாரமாக எங்கள் ஃபிரீசரில் ஐஸ் கட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. திருடனைப் பிடிக்க, ஒரு பிளாஸ்டிக் கரப்பான்பூச்சியை ஐஸுக்குள் உறைய வைத்தேன்.

இன்று மதியம் அடுப்படியில் "அலமாக்!" என்று ஒரு கத்தல்.

ஓடிப் போனால், அம்மா. வாய் நிறைய ஐஸ், கையில் என் பிளாஸ்டிக் பூச்சி.

"ஏம்மா, நீங்க என்ன பெங்குவினா?"

"வாய் நமநமங்குதுடா. ஐஸைக் கடிச்சாத்தான் அடங்குது."

என் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. இப்போதெல்லாம் மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எடை குறைய வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து நாலு வருஷம். இரும்புச்சத்து குறையும், மாத்திரையை விடக்கூடாது என்று அப்போதே சொன்னார்கள்.

கிளினிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து ஐஸ் கதையைச் சொன்னேன்.

"ஐஸைக் கடிக்கத் தோணறது இரும்பு குறைஞ்சதோட அடையாளமா இருக்கலாம். இரும்பு மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார் நர்ஸ்.

"ஒரு நாள்கூட விட்டதில்ல மிஸி."

"எதோட?"

"தே தாரிக்கோட."

"ஐயோ, பால் தேத்தண்ணியோடவா?" என்றார் நர்ஸ். தேத்தண்ணீர் இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாதாம்!

"நாளைக்குக் காலையில ரத்தம் எடுக்க வாங்க. மாத்திரைக்கு வெறும் தண்ணிதான், அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்குத் தேயும் கூடாது, சரியா?"

அம்மா உடனே தலையாட்டினார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும் ஆளே இல்லை.

இப்போதுதான் மாத்திரை போட்டார். அதற்குள் அடுப்படியில் தே ஆற்றும் சத்தம்.

"யாருக்கும்மா?"

"அப்பாவுக்குடா."

அப்பா இன்னும் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். நீங்களே சொல்லுங்க மக்களே, என்ன செய்யலாம்?