தூதர் வாசித்த மன்னிப்பு

நெடிய உருவம், படிய வாரிய தலை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகுதான் அந்த வழக்கறிஞர் வாதாட வாயைத் திறப்பார். நான் சிங்கப்பூர் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு வழக்கில், தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், சாட்சி சொன்னதை நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னதாக நீதிபதியிடம் கூசாமல் சொன்னார். அவர் ஜெயித்தார். என்னைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

சிங்கப்பூர் தனிநாடான பின், ஆளும் கட்சிக்கு உழைத்தவர் என்று அவரைத் தூதராக்கினார்கள். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில் வழியனுப்பு விழா. அவருக்குத் தமிழ் அரைகுறை. நான் நன்றாக எழுதுவேன் என்று யாரோ சொல்லி என்னிடமே வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"தமிழ்ல ஒரு ஸ்பீச் எழுதிக் குடுங்க மிஸ்டர். இங்கிலீஷ் எழுத்துல போடுங்க, வாசிச்சுடுவேன்."

அர்த்தம் புரியாமல் வாசித்துவிடுவார் என்று நம்பி, நடுவில் இரண்டு வரி சேர்த்தேன்: 'வழக்கில் ஜெயிக்க ஒரு மொழிபெயர்ப்பாளர்மீது பொய்ப்பழி சுமத்தினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

மேடையில் அப்படியே வாசித்தார். கூட்டம் முகம் சுளிக்கும் என்று காத்திருந்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார். "அந்த ரெண்டு வரி நல்லா இருந்துச்சு. என் வைஃப் நேத்தே அர்த்தம் சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் சார் வாசிச்சீங்க?"

"கைதட்டுவாங்கன்னு தெரியும்லா."

மாலையைச் சரிசெய்தபடி காருக்கு நடந்தார். அந்த வரிகளுக்காகவே அவரைப் பெரிய மனிதர் என்று ஊர் இன்றும் சொல்கிறது.