தின்னர் டின்னைத் திறக்கும் முன்

நான் அதிகம் பேசாதவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. கதவு, ஜன்னல்களுக்கு பாலிஷ் போடுவது தொழில். வேலைக்குப் போன வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே எனக்குக் கூச்சம். ஒரு வீட்டில் சமையற்கட்டில் அடுப்பு எரிவது தெரிந்தும், அணைக்கச் சொல்ல வாய் வராமல், பாலிஷில் கலக்கும் தின்னரைத் திறந்துவிட்டேன். குபீரென்று பற்றிக்கொண்டது. கூட வேலை பார்த்தவருக்குக் கை வெந்து, மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை. எனக்குப் புருவம் மட்டும்தான் கருகியது. அதுவே பெரிய உறுத்தல்.

போன ஆடியில் வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். கூடத்துக்குப் புதுத் தேக்குக் கதவு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்த வீட்டு மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தது. அது வீட்டுக்கு வருவதற்குள் பாலிஷ் வாடை போயிருக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள்.

கூடத்தின் மறுகோடியில் மாதா படம். அதன் கீழே தரையில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, விளக்கு..." என்றேன் வீட்டுக்கார அம்மாவிடம். அதற்கு மேல் வரவில்லை.

"அது அணையக்கூடாது தம்பி. பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கான். அவன் இந்த வாசப்படி ஏறுற வரைக்கும் எரியும்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன்."

வீட்டுக்காரர் சிரித்தார். "இருபதடி தள்ளி இருக்கு. உன் டின்னு என்ன, நடந்து போயா பத்திக்கும்?"

"நடந்துதாங்க போகும்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் முகம் மாறியது. 'இந்த வேலை போச்சு' என்று நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

"தின்னரோட ஆவி காத்தை விடக் கனம்ங்க. மேல போகாது, தரையோட தரையாப் பரவும். தலைமடையில திறந்துவிட்ட தண்ணி பள்ளம் பார்த்துக் கடைமடைக்குப் போகுதுல்ல, அப்படி. இந்தக் கதவு தலைமடை. அந்த விளக்கு கடைமடை. ஆவி அங்க போய்ச் சேர்ந்தா, வந்த வழியிலேயே நெருப்பு திரும்பி வரும்."

அவர் நாற்பது வருஷமாக வயலுக்குத் தண்ணீர் கட்டுபவர். குனிந்து தரையைப் பார்த்தார்.

"கூடத்துக்கு வாட்டமே விளக்குப் பக்கம்தான்டி" என்றார் மெதுவாக. "எடுத்துடு. மாட்டுக் கொட்டகையில வைப்போம்."

"வைக்கோலுக்குப் பக்கத்துலயா? நல்ல மூளைங்க உங்களுக்கு!"

கடைசியில் எதிர்வீடு என்று முடிவானது. அது அம்மாவின் ஓரகத்தி வீடு. வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. நெல் அளக்கிற மரக்காலுக்குள் விளக்கை இறக்கி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அம்மா தெருவில் இறங்கினார். குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஐயா கூடவே போனார். என் சட்டை முழுக்கத் தின்னர் நாற்றம். கிட்டே போகாமல் வாசலிலேயே நின்றேன். நடுத்தெருவில் குடை மடங்கியது. அம்மா அப்படியே குனிந்து மரக்காலை முந்தானையோடு மார்பில் அணைத்துக்கொண்டார்.

"அணையல, எரியுது!" என்று எதிர்வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். மெயின் சுவிட்சை நிறுத்தச் சொன்னேன். சிலிண்டரை மூடச் சொன்னேன். எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னேன்.

"தூசி ஒட்டுமே?" என்றார் ஐயா.

"ஒட்டினா தேச்சுட்டு மறுபடி போடுறேங்க. ஜன்னலை மூட மாட்டேன்."

கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு உடனே டின்னை மூடினேன். தின்னர் தொட்ட துணிகளைக் கொல்லையில் வாளித் தண்ணீரில் போட்டேன். தூசி ஒட்டத்தான் செய்தது. இரண்டு தடவை தேய்த்தேன். மூன்றாம் நாள் கதவில் முகம் தெரிந்தது. வாடை அடியோடு போன பிறகு விளக்கு அதே மரக்காலில், அதே சுடரோடு மாதாவிடம் திரும்பி வந்தது.

சில வாரம் கழித்து ஐயா போன் பண்ணினார்.

"பேரன் வந்துட்டான். அவன் படியேறின பிறகுதான் அவ விளக்கை அணைச்சா. எங்க மச்சான் வீட்டுலயும் பாலிஷ் போடணுமாம். வர்றீங்களா?"

"வர்றேங்க. அங்க என்னென்ன எரியுதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றேன்.