பிஷப்பைப் பிடித்து நிறுத்துகிறவன்

பிஷப் என்றதும் பாதிரியார் யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொலிகாளை அது. அமெரிக்காவின் விஸ்கான்சினில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் அந்த உறைவிந்து நிலையத்தில் நூற்றுச் சொச்சம் காளைகள் உண்டு. அத்தனையிலும் பெரிய அவசரக்குடுக்கை பிஷப்தான். அதையும் அதன் கூட்டாளிகளையும் மூக்குக் கயிற்றில் பிடித்தே பதினோரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன் வெர்ன் ஸ்டூபர்.

வேலை இதுதான். காளையைக் கூண்டில் நிற்கும் டம்மி மாட்டுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். அது தாவி ஏறியதும் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்து இறக்கிவிட வேண்டும். இரண்டு நிமிடம் சும்மா நிறுத்திவைத்து, அது அடங்கியதும் மறுபடி ஏறவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். மூன்றாம் தடவைதான் கூட வேலை பார்க்கும் டெனிஸ், விந்தைப் பிடிக்க வெந்நீர் ஊற்றிய ரப்பர்க் குழாயை நீட்டுவான். முதல் தடவையே விட்டுவிட்டால் கிடைப்பது தண்ணீர் மாதிரி இருக்கும். உள்ளே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எந்த நொடியில் இழுப்பது என்று வெர்னுக்கு யாரும் சொல்ல வேண்டாம். காளையின் முதுகுத் தோல் துடிப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அன்றைக்கும் பிஷப் வேலையை முடித்துக்கொண்டு இறங்கியது.

"ஒரே செகண்டு. வந்தான், முடிச்சான், போய்ட்டான். இவனுக்கு போட்டோ எடுத்து காலண்டர் போடுறானுங்க. நாம இப்படி முடிச்சா வீட்ல என்ன கெடைக்கும் சொல்லு?" என்றான் டெனிஸ்.

வெர்ன் பிஷப்பைத் திருப்பி நடத்தினான்.

"என்னடா, மூஞ்சி இப்படி இருக்கு? உன் பொண்டாட்டி காரின் பட்டினி போடுறாளா?"

"குழாயக் கழுவி வைடா."

சட்டென்று கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. உடைத்தே சொல்லிவிடுகிறேன். வெர்னுக்கும் படுக்கையில் அதே கதைதான். கல்யாணமான புதிதிலிருந்தே கொஞ்சம் அவசரம்தான், அதை இருவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன இலையுதிர் காலத்திலிருந்து நிலைமை மோசமாகிவிட்டது. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "இன்னிக்கும் அப்படி ஆயிடுமோ" என்று பயந்துகொண்டே போவான். பயந்தபடியே ஆகும். மறுதடவை பயம் இரண்டு மடங்காகும். காரின் ஒருநாள்கூட ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அந்த மௌனத்தை இவனாகவே திட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆம்பிளைகள் இந்த மாதிரிச் சமயத்தில் செய்கிற மடத்தனத்தையே அவனும் செய்தான். ஒதுங்கிப் போனான். சாப்பிட்டதும் கீழறைக்கு இறங்கிப்போய்த் தூண்டில் சாமான்களைத் துடைக்க ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் அந்த வீட்டுத் தூண்டில் முள்ளெல்லாம் புதுசு மாதிரி மின்னியது. காரின் தனியாகப் படுத்தாள்.

நடுவில் ஒரு ஞாயிறு மதியம் வீரம் வந்தது. டிவியில் கிரீன் பே அணியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, மகள் சினேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். மாட்டு டாக்டரின் அலமாரியிலிருந்து வெர்ன் ஒரு ட்யூபைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான். காளைகளுக்குத் தையல் போடும் முன் தடவுகிற மரப்பு ஜெல்லி அது. மனிதனுக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் முன்னால், துடைக்க வேண்டுமா, ஒரு எழவும் தெரியாது. அவன் அளவெல்லாம் காளை அளவுதான். அள்ளி அப்பிக்கொண்டு போனான்.

அவனுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதாவது பரவாயில்லை. இரண்டே நிமிடத்தில் காரின் எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு என்னமோ மரத்துப் போவுது. என்னத்தத் தடவிட்டு வந்த?"

"ஒண்ணுமில்ல. சோப்பு மாத்தினேன்."

"எந்த ஊரு சோப்புடா இது?" என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகு அவளும் அவனைத் தொடவில்லை.

டாக்டரிடம் போகத்தான் போனான். ஆனால் சின்ன ஊர். கிளினிக் வாசலில் பெயர் எழுதுகிற ரோண்டா, காரினுக்குச் சித்தி மகள். "எதுக்குப் பாக்கணும் வெர்ன்?" என்று அவள் கேட்டதும் வாயில் வந்தது "முதுகு வலி". டாக்டர் நைகார்ட் பெண், நாற்பது வயதிருக்கும். அவளும் ரோண்டா எழுதியதையே நம்பிக் கால் மணி நேரம் அவன் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தான். கடைசியில் முதுகுக்கான உடற்பயிற்சித் தாளை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தான். வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினான். முதுகில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட ஊரே கூடுகிற இடத்தில் ரோண்டா தட்டோடு வந்தாள். "முதுகு எப்படி இருக்கு?"

காரின் முட்டைக்கோஸ் சாலட்டைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் திரும்பும்போது சொன்னாள்.

"உனக்கு முதுகு வலின்னு எனக்குத் தெரியாது."

"லேசாத்தான்."

"ஜூன்ல ஏரிக்குப் போறோமே, அந்த விடுதிக்காரி வர வெள்ளிக்குள்ள சொல்லணுங்கறா. ரெண்டு ரூமா எடுத்துடட்டுமா?"

"எதுக்கு ரெண்டு?"

"உன் முதுகுக்கு வசதியா இருக்கும்ல." குரலில் கேலி துளிகூட இல்லை. "நேராவே கேக்குறேன் வெர்ன். என்னப் புடிக்கலன்னா சொல்லிடு. இப்படி ஒளிஞ்சு வெளையாடாத."

பதினாறாவது கல்யாண நாளைக் கொண்டாடப் போகிற இடத்தில் இரண்டு அறை. இரண்டு அறையில் போய்ப் படுத்தால் திரும்பி வந்தும் இரண்டு அறைதான் என்பது அவனுக்குத் தெரிந்தது. அப்படியும் "புடிக்காம இல்ல" என்று முனகியதைத் தவிர எதுவும் சொல்ல வரவில்லை. தன் மேலேயே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கிளினிக்குக்குப் போனான். ரோண்டாவிடம் "முதுகு" என்றே சொல்லிவிட்டு, உள்ளே கதவு சாத்தியதும் நின்றபடியே கொட்டினான். ஜெல்லி கதையையும் சேர்த்து.

டாக்டர் சிரிக்கவில்லை. "அத போன தடவையே சொல்லிருக்கலாமே. முதுக நல்லா அமுக்கிவிட்டேனே" என்றாள். பிறகு கேள்வி கேட்டாள். எப்போதிலிருந்து, விறைப்பு சரியாக இருக்கிறதா, தூக்கம் எப்படி, வேறு மாத்திரை ஏதாவது உண்டா. தைராய்டு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினாள்.

"இது ரொம்ப சாதாரணம். இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு. மத்தவங்களும் முதுகுன்னுதான் வந்தாங்க. அப்புறம், மணிக்கணக்குன்னு யாராவது பீத்துனா நம்பாதீங்க, முக்காவாசி ஜோடிக்கு அஞ்சாறு நிமிஷம்தான். மரப்பு மருந்து மனுசனுக்கே தனியா இருக்கு. கொஞ்சமாத் தடவி, பத்து நிமிஷம் விட்டு, கழுவிட்டுப் போகணும். அப்பத்தான் அவங்களுக்கு ஒட்டாது. தள்ளிப்போட மாத்திரையும் இருக்கு, தேவைன்னா தரேன். ஆனா மொதல்ல ஒரு பழக்கம். முடியப்போவுதுன்னு தெரியுதில்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடணும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அடங்கினதும் மறுபடி. மறுபடி நிறுத்தணும். மூணு தடவ அப்படிச் செஞ்சிட்டு, அதுக்கப்புறம் விடுங்க. தனியாப் பழகுங்க, பெறகு ரெண்டு பேரும். சில வாரம் ஆகும். எதுக்கு அப்படிப் பாக்குறீங்க?"

வெர்ன் கயிறு பிடிக்கிற தன் கையைப் பார்த்தான். "டாக்டர், இதத்தான் நான் தெனம் இருபது காளைக்குச் செய்றேன்."

"அப்ப நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல. ஒரு விஷயத்தத் தவிர. காரினுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதை நினைத்ததும் வந்த நிம்மதியும் போய்விட்டது. இத்தனை வருடம் கையிலேயே வைத்திருந்ததைத் தனக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லையே என்ற எரிச்சல் வேறு. வீட்டில் புதனும் போனது, வியாழனும் போனது. சமையலறையில் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். காரின் இருமல் மருந்தை எடுத்து நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளே நிலையத்துக்கு வந்துவிட்டாள். விடுதிக்காரி பதிலுக்குக் காத்திருக்கிறாளாம், தான் அடித்த ஃபோனை இவன் எடுக்கவில்லையாம். வெளியாட்களுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையைச் செருப்பின் மேல் மாட்டிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் வெர்ன் கையில் பிஷப். டெனிஸ் குழாயில் வெந்நீர் நிரப்ப உள்ளே போயிருந்தான்.

"ஒண்ணா ரெண்டா? அத மட்டும் சொல்லு, நான் போறேன்."

பிஷப் தாவியது. வெர்ன் கயிற்றை இழுத்து இறக்கினான். "இரு, இரு. இன்னும் இல்ல" என்று காளையின் கழுத்தைத் தடவினான். அது மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. காரின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வராத வார்த்தை கயிறு கையில் இருந்ததாலோ என்னவோ வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் காளையைப் பார்த்தபடியே சொன்னான். "நானும் இவன மாதிரிதான் காரின். ஒரு நிமிஷம் தாங்க மாட்டேங்குது. அதான் கீழயே கெடந்தேன். ஜெல்லி, சோப்பில்ல. இங்கேருந்து திருடினது. முதுகுல ஒண்ணுமில்ல. உன்னப் புடிக்காமப் போச்சுன்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. டாக்டரு சொல்றாங்க, இவனுக்குச் செய்றதத்தான் நானும் செய்யணுமாம். நிறுத்தி, நிறுத்தி. நீயும் கூட இருந்தா சரியாயிடுமாம்."

காரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வந்தது கோபம்தான்.

"ஆறு மாசம் வெர்ன். நான் குண்டாயிட்டேனோன்னு கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதேன். ராத்திரி சாப்பாட்டப் பாதியாக் கொறச்சேன். உனக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். இந்த மாட்டோட காதுல தெனமும் 'இரு, இரு'ன்னு சொல்ற வாயி, எங்கிட்ட ஒரு தடவ அதச் சொல்லிருந்தா நான் இருந்திருக்க மாட்டேனா?"

பிஷப் மறுபடி தாவப் பார்த்தது, வெர்ன் அனிச்சையாக இழுத்துப் பிடித்தான்.

ஃபோன் அடித்தது. விடுதிக்காரி. காரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "ஒரு ரூம் போதும்" என்றாள். பிறகு அவனை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆனா கட்டில் ரெண்டு போடுங்க. மொத நாளு நான் அவரத் திட்டி முடிக்கணும்" என்றாள்.