அண்ணன் வரைந்து அனுப்பிய கால்

“உள்ளத படிக்கிறியா, இல்ல நீயா கட்டி சொல்றியா?”

அண்ணனின் கடிதத்தை முதல்முறையாக நான் படித்து முடித்தபோது அம்மா கேட்ட கேள்வி இது. நான் அப்போது ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பேரணாம்பட்டில் எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைப்பார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து வெட்டிய தோலையும் நூலையும் கொடுத்துவிட்டுப் போவார், தைத்து முடித்ததை ஜோடி ஜோடியாக எண்ணி வாங்கிக்கொள்வார். நூல் விரலை அறுக்காமல் இருக்க, பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி மோதிரம் போல மாட்டியிருப்பார்கள். அப்படி ட்யூப் மாட்டிய விரலால் என் கையிலிருந்த கடிதத்தைத் தட்டித்தான் அம்மா அதைக் கேட்டாள். எதிர்வீட்டு அக்கா சிரித்துவிட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. மூன்று தெரு தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன், வகுப்பில் வாசிக்கச் சொன்னால் ஆசிரியை என்னைத்தான் எழுப்புவார், இந்த அம்மா இப்படிக் கேட்கிறாளே என்று கோபம் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அண்ணன் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனான். சில வருடம் கழித்து வேலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் ஓடிக்காட்டி, தேர்வாகி வந்துவிட்டான். அவனுக்குக் கிடைத்தது துப்பாக்கிக்காரன் வேலை இல்லை. படைவீரர்களின் பூட்ஸைப் பழுதுபார்க்கிற வேலை. சந்தில் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். “இன்னாப்பா, ஆம்பூர்ல தெச்சது பத்தாதுன்னு அங்கயும் போய் ஷூ தெக்கப் போறியா?” அண்ணன் அசரவில்லை. “துப்பாக்கி இல்லாம ஒருத்தன் நடந்துடுவான். ஷூ இல்லாம எவன் நடக்கறான், சொல்லு பாக்கலாம்” என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அதுவரை அவன் கடிதங்களைத் தெருமுனை மளிகைக்கடை பாய்தான் படித்துச் சொல்வார். சண்டை தொடங்கியதும் அவர் கடையில் டிவி பார்க்க எந்நேரமும் கூட்டம். அத்தனை ஆண்களுக்கு நடுவில் போய் நின்று மகன் கடிதத்தைக் கேட்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் என்னைப் படிக்கச் சொன்னாள். ஆனால் நம்பவில்லை. நான் படித்ததும் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சர்க்கரை வாங்கப் போகிறேன் என்று கிளம்புவாள். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, பாயிடம் மறுபடி படிக்கச் சொல்லி, என் வாய் வழியாகக் கேட்டதோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்பார்த்துவிட்டு வருவாள். பாயே ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்: “உங்கம்மா எனக்கும் பரீட்சை வெக்கிறா, உனக்கும் பரீட்சை வெக்கிறா. ஜாஸ்தி மார்க்கு யாருக்குன்னுதான் தெரியல.”

அம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், ஏலகிரி மலையடிவாரத்திலிருந்த அவள் பிறந்த வீட்டிலிருந்து தந்தி வந்தது. அவளுடைய அப்பா இறந்துவிட்டார் என்ற தந்தி. படித்துச் சொன்னவர் நல்ல மனிதர்தான். சின்னப் பெண் தாங்கமாட்டாள் என்று, “சீரியஸாம்மா, போய்ப் பாத்துட்டு வா” என்று சொன்னார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. செத்தவரை வழிநெடுக உயிரோடு வைத்திருந்து, ஊர் எல்லையில் பறைச்சத்தத்தில்தான் சாக விடுவோம். சீரியஸ்தானே என்று அம்மா கையிலிருந்த வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினாள். ஆம்பூர் பஸ் நிலையத்தில் நோயாளிக்கென்று சாத்துக்குடி வாங்கினாள். அந்தப் பையோடு அவள் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. இரக்கப்பட்டவர் சொன்ன ஒரு வார்த்தையால் தன் அப்பாவின் முகம் போனது என்பதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை படிக்கத் தெரிந்தவர்களைவிட, படிக்கத் தெரிந்த இரக்கக்காரர்கள் ஆபத்தானவர்கள். அதிலும் நானோ அவள் பெற்ற மகள். அவளிடம் இரக்கப்பட என்னைவிட யாருக்கு அதிகக் காரணம் இருக்கிறது?

இதை அவளே சொல்லக் கேட்டபிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு வீம்பு வந்தது. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் படிக்க ஆரம்பித்தேன். அண்ணனின் கையெழுத்து கோணலாக இருக்கும், பேசுவதுபோலவே எழுதுவான். எந்த ஊரில் இருக்கிறான் என்பது எதிலும் இருக்காது, எழுதக்கூடாதாம். ஊருக்குப் பதிலாகத் தோலைப் பற்றி எழுதுவான். ‘இங்க தோலு காலைல பலகை மாறி ஆயிடுதும்மா, கையில புடிச்சி சூடு காட்டுனாதான் வளையுது.’ ‘மேல போய்ட்டு வர்றவங்க ஷூவ கழட்டி குடுக்கும்போது உள்ள ஈரம் ஐசாகி கீது. நம்ப கம்பெனி ஆளுங்க இத பாத்தா அழுதுடுவாங்க.’ அதைக் கேட்டதும் சந்தில் ஊசிகள் நின்று, தோல் எப்படிப் பலகையாகும் என்று பெரிய விவாதம் நடக்கும். அம்மாவின் ஊசி மட்டும் நிற்காது. தோல் அப்படி ஆகிற இடத்தில் மகன் தோல் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மூன்று நான்கு கடிதங்களுக்குப் பிறகு அவள் பாய் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கடிதத்தை இடுப்பில் செருகாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், அவ்வளவுதான். பள்ளியில் அதற்குப்பிறகு எத்தனையோ பரிசு வாங்கினேன். எதுவும் அதற்கு ஈடில்லை.

பிறகு கொஞ்சநாள் கடிதமே வரவில்லை. மூட்டை தூக்க ஆள் போதாமல் தங்களையும் மேலே அனுப்புகிறார்கள் என்பதுதான் அவன் கடைசியாக எழுதியிருந்தது. ஒரு மாலை, பள்ளி விட்டு வரும்போது சந்து முனையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் அவருக்கு அந்நேரம் வேலை இருக்கும். கையில் கடிதம், பிரித்த கடிதம். தபால்காரர் வழியில் பார்த்து அவரிடம் கொடுத்திருக்கிறார், அவர் பாயிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். பாயும் கடையை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அங்கேயே நின்று படித்தேன். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தான். பனியில் கால் மரத்துப்போய், ஒரு காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“இத அம்மாவுக்குப் படிக்காத” என்றார் அப்பா. “ஜுரம், ஆஸ்பத்திரில கீறான், நல்லாயிடுச்சுன்னு சொல்லிடு. கால பத்தி கீற எடத்த மட்டும் வுட்டுடு.”

“அவன் லீவுல வரட்டும்மா. ஆள நேர்ல பாத்துட்டா பேஜார் இருக்காது” என்றார் பாய்.

இருவர் கண்களும் கலங்கியிருந்தன. அப்பா என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு வரிகளை விட்டுவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. பாயும் நானும் ஒன்றையே சொன்னால் அம்மா எங்கே போய் ஒத்துப்பார்ப்பாள்? அதை நினைத்ததும்தான் எனக்குத் தெளிவாகிவிட்டது. அம்மாவுக்கு இந்த உலகத்தில் போக இன்னொரு இடம் இல்லை. “எழுதியிருக்கிறததான் படிப்பேன்பா” என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் நடந்தேன். அப்பா என்னைத் தடுக்கவில்லை. பின்னாலேயே வந்து, சுவரோரமாக நின்றுகொண்டார்.

அம்மாவின் மடியில் தைத்துக்கொண்டிருந்த ஷூத்தோல் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து தலைப்பிலிருந்து படித்தேன். அந்த வரிகள் வந்தபோது வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ‘மூணு வெரல எடுத்துட்டாங்கம்மா. வலி கம்மியாயிடுச்சி. உசுருக்கு ஒண்ணும் இல்ல. நீ அழுதா நானும் அழுவேன், அதனால அழாத.’ சந்தில் ஒரு ஊசி அசையவில்லை. எதிர்வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அம்மா தையலை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

“எந்தக் காலு?”

“இடதும்மா.”

“எந்தப் பக்கத்து வெரலு? கட்டை வெரலு கீதா?”

“கட்டை விரல் இருக்கு. சுண்டு விரல் பக்கத்திலிருந்து மூணு.”

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “நீ முன்னாடியே கேட்டுட்டு வந்துட்ட, இல்ல?” அப்பா தலையை ஆட்டினார். அவள் அவரைத் திட்டவில்லை. என்னிடம் திரும்பி, “மறுபடி படி” என்றாள். இரண்டாம் முறை படித்தபோதுதான் அழுதாள். அண்ணன் சொன்ன சொல்லை மீறி நன்றாக அழுதாள். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேப்பர் எடு, எழுது” என்றாள். மகனுக்கு அம்மா சொன்ன ஆறுதல் எல்லாம் சேர்ந்து இரண்டு வரிதான் இருக்கும். மீதி முழுக்க வேலை: “கட்டு பிரிச்சதும், ஒரு பேப்பர தரையில போட்டு, எழுந்து நின்னு, முழு வெயிட்டும் குடுத்து கால வெய்யி. யாரையாச்சும் சுத்தி பென்சிலால கோடு போடச் சொல்லு. ரெண்டு காலும் வேணும். உக்காந்துகினு போட்டா அளவு தப்பாயிடும்.”

சண்டை முடிந்து சில வாரம் கழித்து அது வந்தது. கடிதம் என்று எதுவும் இல்லை. நான்காக மடித்த இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் பென்சில் கோட்டில் ஒரு கால். நான் பிரித்ததும் அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அண்ணன் அனுப்பியவற்றில் அவளுக்கு நான் படித்துக்காட்டத் தேவையில்லாமல் போனது அது ஒன்றுதான். இடது காலைத் தரையில் விரித்து, கோட்டின்மேல் மெதுவாக விரலை ஓட்டினாள். சுண்டு விரல் இருக்கவேண்டிய இடத்தில் கோடு உள்ளே வளைந்து போனது. அதற்கு மேலே ஒரு இடத்தில் விரல் நின்றது. “இங்க பாரு, இங்க பாரு” என்று எல்லோரையும் கூப்பிட்டாள். “மூணுன்னு எழுதிட்டான். மூணாவது வெரலு பாதி கீதுடி! பாதி கீது!” சந்தே குனிந்து பார்த்தது. அன்று எங்கள் சந்தில் சிரித்த சிரிப்பை, மகன் கால்விரல்களை இழந்த வீட்டுச் சிரிப்பு என்று வெளியாள் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அந்தத் தாள்களோடு அம்மா ஆம்பூருக்குப் போனாள். அண்ணன் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் அவனுடைய கூட்டாளிகள் இருந்தார்கள். ஷூவுக்கு அச்சாக வைக்கிற மரக்கட்டையில் இடதை அந்தக் கோட்டுக்கு ஏற்பச் செதுக்கி, காலியான பக்கத்தில் மெத்தென்று அடைத்து, மேல்தோலை அம்மாவிடமே தைக்கக் கொடுத்தார்கள். அண்ணன் விடுமுறையில் வந்து இறங்கியபோது ஷூ வாசலில் தயாராக இருந்தது. போட்டுக்கொண்டு பாய் கடைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். காலைத் தாங்கித் தாங்கி நடப்பது பாதிக்குமேல் மறைந்துவிட்டது. “பட்டாளத்துக்கே ஷூ தெச்சேன், எனக்கு ஒரு பய தெச்சி குடுக்கல” என்றான் அம்மாவிடம். அப்பா என்னைப் பார்த்தார். அவர் சொன்னதுபோல நான் அந்த வரிகளை விட்டிருந்தால் அன்று வாசலில் ஷூ இருந்திருக்காது, ஓர் அதிர்ச்சிதான் இருந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். அதன்பிறகு வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

அண்ணன் பணிக்காலத்தை முடித்து வந்து இப்போது ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு இருக்கிறான். அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. நான் வேலூரில் கல்லூரி முடித்து, அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். டாக்டருக்கும் வெளிமாநில நோயாளிகளுக்கும் நடுவில் நிற்கிற வேலை. எங்கள் ஊரில் பிறந்ததால் பக்கத்து வீட்டு உருதும் எல்லை தாண்டி வந்த தெலுங்கும் எனக்குச் சும்மா கிடைத்தன. இந்தியை நானாகப் படித்துக்கொண்டேன். டாக்டர் என்ன சொல்கிறாரோ அது, கூட்டாமல் குறைக்காமல். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன். எனக்குப் பயிற்சி கொடுத்தவள் அவ்வளவு கறாரானவள்.

ஒரே ஒரு குறை இருந்தது. வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்களில் ஆண்களுக்குத்தான் இந்தி தெரியும். நான் மகனிடம் சொல்வேன், மகன் அம்மாவிடம் தன் மொழியில் சொல்வான். டாக்டர் சொன்னது நீளமாக இருக்கும், அவன் சொல்வது இரண்டே வார்த்தையாக இருக்கும். அந்த அம்மா தலையாட்டுவார். விட்டுப்போன வரிகள் எவை என்று என்னால் ஒத்துப்பார்க்க முடியாது. அதனால், லாட்ஜ் ஒன்றில் சமைக்கிற வங்காளத்துப் பெண்மணி ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

போன வாரம் வங்காளத்திலிருந்து ஒரு தாய் மகனோடு வந்திருந்தார், நோயாளி அவர்தான். டாக்டர் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தபடி, நோயைப் பற்றி எதையும் மறைக்காமல் சொன்னார். மகன் என் பக்கம் சாய்ந்து, “தீதி, அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம்” என்று இந்தியில் மெல்லச் சொன்னான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. நான் நாற்காலியை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்திப் போட்டு, முதல்முறையாக வங்காள மொழியில், டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்சநேரம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவனைத் தாண்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் திரும்பி, அதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன்.