புகார்க் கடிதங்களில் செய்த போட்டோ சட்டம்

மருந்துக் கடையில் இருபது வருடமாக மாத்திரைப் பட்டை வெட்டிக் கொடுக்கிறவள் அவள். கத்திரிக்கோல் கையில் ஏறிவிட்டால் எதையாவது நறுக்காமல் கீழே வைக்க மாட்டாள். கடை முதலாளியே அவளைக் 'கத்திரி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

அவள் கணவர் ஓய்வு பெற்ற தட்டச்சர். ஓய்வு அவருக்குத்தான், தட்டச்சு இயந்திரத்துக்கு இல்லை. வாசலில் ஒழுகும் குடிநீர்க் குழாயைப் பற்றி மட்டும் ஆறு வருடத்தில் நாற்பத்திரண்டு புகார் அடித்து அனுப்பியிருந்தார். எல்லாமே 'சட்டப்படி' என்றுதான் தொடங்கும். நகலுக்கும் மொடமொடப்பான நல்ல தாள்தான் போடுவார். நகல்கள் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் கிடந்தன.

வெளியூரில் பஸ் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்த மகள், முதல் நாள் பஸ் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தாள். அதைச் சும்மா சுவரில் ஒட்ட அம்மாவுக்கு மனசு வரவில்லை. செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி நடுவில் போட்டோ அளவுக்கு ஜன்னல் திறந்தாள். சுற்றிலும் ஒட்டக் காகிதக் குழல்கள் வேண்டும். செய்தித்தாளைச் சுருட்டினால் துவண்டு போனது. கண் கட்டிலுக்கடியில் போனது.

"பெட்டியில அடியில கிடக்கறது பழசுதானே" என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தாளையும் நாலாகக் கிழித்து, குடைக்கம்பியில் சாய்வாகச் சுருட்டி, நுனியில் பசை தடவிக் கம்பியை உருவினாள். எழுத்து வெளியே தெரிகிற மாதிரிதான் சுருட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் பொடிப் பூவேலை போல இருந்தது.

கணவர் கண்ணாடி போடாமல் வந்து பார்த்தார். "அட, பிரமாதமா இருக்கே! எங்க வாங்கின?"

"வாங்கலங்க. எல்லாம் உங்க உழைப்புதான்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன உழைப்பு என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் குடிநீர் அலுவலகத்திலிருந்து, ஆறு வருடத்தில் முதல்முறையாக, பதில் வந்தது. புதன்கிழமை அதிகாரி நேரில் வருவார், முதல் புகாரின் நகலைத் தயாராக வைக்கவும். மனிதர் துள்ளிக் குதித்துப் பெட்டியை இழுத்தார். அடியிலிருந்த பத்துப் பன்னிரண்டு தாள்களைக் காணோம்.

"எலி!" என்று கத்தினார்.

"இருக்கும்ங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "படிச்ச எலி போல. தேதி வாரியா எடுத்திருக்கு."

அன்று மாலையே எலிப்பொறி வந்தது. மறுநாள் காலை அதில் அவருடைய கட்டைவிரல்தான் மாட்டியது. மருந்து போட்டுவிடும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தாள். அவர் அதற்குள் எலிகளைப் பற்றி நகராட்சிக்கு ஒரு புகார் அடிக்க உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை வந்தது ஓர் இளம் பெண் அதிகாரி. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எலிக் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே சட்டம் மாட்டியிருந்த சுவருக்குப் போனவள், போட்டோவுக்கு மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்றாள்.

"சார், இதுல எங்க ஆபீஸ் அட்ரஸ் இருக்கே?"

கணவர் மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"எலி இல்லங்க, நான்தான்" என்றாள் கத்திரி அக்கா. சட்டத்தை இறக்கி, இடது ஓரக் குழல்களை நகத்தால் நெம்பிப் பிரித்தாள். மூன்றாவதில் முதல் புகாரின் தேதி பளிச்சென்று இருந்தது.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க ஆபீஸ்ல கடைசியா வந்ததத் தவிர உங்க லெட்டர் ஒண்ணுகூட இல்ல சார். நல்லவேளை, அம்மா இதத் தூக்கிப் போடாம ஒட்டி வச்சிருக்காங்க" என்று தேதியைக் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை குழாய் சரியானது. கணவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தொண்டையைச் செருமியே பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வரும்போது கூடத்தில் அவர் குரல் கணீரென்று கேட்டது. எதிர்வீட்டுக்காரரை, மறுபடி ஒட்டி மாட்டிய சட்டத்தின் முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்.

"கிட்ட வந்து படிங்க சார். வெட்டினது, ஒட்டினதெல்லாம் அவ. ஆனா விஷயம் பூரா என்னோடது!"

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சிரித்தாள்.