கார்மேகம் போடாத கையெழுத்து

அல் குசைஸில் கார்மேகம் அடித்த சிக்ஸர் ஒன்று துபாய் எல்லையைத் தாண்டி, ஷார்ஜாவுக்குள் புகுந்து, முவைலாவில் ஒரு மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த கைலிக்குள் விழுந்ததாம். கைலிக்காரர் பந்தைத் திருப்பிக் கொடுக்க டாக்ஸி பிடித்து வந்தாராம். முவைலாவும் கைலியும் டாக்ஸியும் இட்டுக்கட்டியவை, மறைப்பதற்கில்லை. பந்து உண்மையில் விழுந்தது மைதானத்துக்கு வெளியே நின்ற தண்ணீர் லாரியின் தலையில். ஆனாலும் டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப்பைச் சுற்றி ஆடுகிற ஆட்டத்தில் அந்தத் தூரம் அடிக்க இன்னொருவன் அந்தத் தொழிலாளர் கேம்ப்பில் பிறந்து வரவில்லை. இதில் பொய் இல்லை.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. ஆறு நாள் கம்பி, வெள்ளிக்கிழமை காலையில் மட்டை. அவன் இறங்குகிறான் என்றால் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து நின்றவர்கள் உண்டு.

அவனுக்கு இருந்த ரசிகர்களில் முதல் ஆள் நாகலிங்கம். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மன்னார்குடியில் பி.காம். முடித்தவர். கையுறை, தொப்பி, பாதுகாப்பு பூட்ஸ் எல்லாம் அவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வரும். வாங்குகிறவன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். போடத் தெரியாதவனுக்கு ஊதா மைப்பெட்டி தயாராக இருக்கும்.

அந்த ஸ்டோர் ரிஜிஸ்டர்களிலேயே புதிதாக ஒன்றை வீட்டுக்கு, அதாவது ரூமுக்கு, கொண்டுபோய் ஆட்டோகிராஃப் புத்தகமாக்கிக்கொண்டார் நாகலிங்கம். வரிசை எண், பெயர், பொருள், அளவு, கையொப்பம் என்று கட்டம் கட்டமாக இருக்குமே, அதேதான். ஷார்ஜாவில் பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது ஹோட்டல் வாசலில் நான்கு மணி நேரம் வெயிலில் நின்று வாங்கிய கையெழுத்துகள் அதில் இருந்தன. 'பொருள்' என்ற கட்டத்தில் 'சுழற்பந்து' என்றும், 'அளவு' என்ற கட்டத்தில் 'ஆறடி இரண்டங்குலம்' என்றும் மணிமணியாக எழுதி வைத்திருப்பார்.

2004 மார்ச்சில் கம்பெனிகளுக்கு இடையே இறுதி ஆட்டம். கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். கார்மேகம் அடித்தது ஆறு. மணல் எழும்பி அரை மணி நேரம் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. பலகை போட்ட மேடையில் அவனுக்குக் கோப்பை கொடுத்தார்கள். அப்போதுதான் நாகலிங்கம் ரிஜிஸ்டரும் பேனாவுமாக மேடையில் ஏறினார்.

"தலைவா! நூத்தி பதினொன்னாம் நம்பர் உனக்குன்னு வச்சிருக்கேன். போடு ஒரு ஆட்டோகிராஃப்!"

கீழே முந்நூறு பேர் "போடு! போடு!" என்று கத்தினார்கள்.

கார்மேகம் பேனாவை வாங்கினான். மட்டையைப் பிடிப்பது போல் முழுக்கையால் பிடித்தான். வெற்றுக்கட்டத்தைப் பார்த்தான், பிறகு நாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். "வேணாம் ஸ்டோரண்ணே," என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தான். மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

நாகலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஊதா மைப்பெட்டி. மூன்று வருஷமாக, மாதா மாதம், அந்த இடது கட்டை விரலைத் தன் கையாலேயே பிடித்து அமுக்கியவர் அவர். எந்த விரலில் கம்பி கிழித்த தழும்பு இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். அந்த விரல்தான் இந்த மட்டையைப் பிடிக்கிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

"என்னய்யா, என்ன சொல்றான்?" என்றது கூட்டம்.

நாகலிங்கம் நீட்டிய பேனாவோடு நின்றார். முந்நூறு பேர் முன்னால் தான் அசடாகிவிட்டது ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

"பெரிய ஆளாயிட்டார்ல. நமக்கெல்லாம் போட மாட்டாராம்!"

சிரிப்பு எழுந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு மூன்று கேம்ப் தாண்டிப் போயிற்று. கார்மேகம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுக்க வேண்டுமென்றால் தனக்கு எழுதத் தெரியாது என்றல்லவா சொல்ல வேண்டும்? அதற்குப் பிறகு அவன் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு ரிஜிஸ்டரையே பார்த்தார். ஆகஸ்டில் கார்மேகம் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு தோஹா போய்விட்டான். நாகலிங்கத்துக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது.

2008இல் செய்தி வந்தது. தோஹாவில், நஜ்மா பக்கம் ரூமில் இருந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தானாம், எழுந்திருக்கவில்லை. முப்பத்து நாலு வயது.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்தபின் கேம்ப் மெஸ்ஸில் கூடினார்கள். சுவரில் படம். ஒரு புது மட்டையில் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அவன் மனைவி அகிலாவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. மட்டை கைமாறி வந்தது. வாங்கிய ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசினார்.

"என்னா அடி! இனிமே அப்படி ஒருத்தன் வருவானா?" என்றார் சிவகங்கை பெயின்டர் மணிமாறன். "ஆனா மண்டக்கனம் கொஞ்சம் உண்டு. நம்ம நாகலிங்கத்துக்கே கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டானே!"

"ஆமாமா. செத்தவனச் சொல்லக்கூடாது. இருந்தாலும் அது தப்பு," என்றான் இன்னொருவன். பலர் தலையாட்டினார்கள்.

மட்டை நாகலிங்கத்தின் கைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், நான்கு வருஷம் அவன் வாயைக் கட்டிக் காத்த ரகசியத்தைப் போட்டு உடைப்பதாகும். சொல்லாவிட்டால் தன் பொய்யோடேயே அவனை அனுப்பி வைப்பதாகும்.

"அவனுக்கு மண்டக்கனம் இல்ல," என்றார். "எழுதத் தெரியாது. அது எனக்குத் தெரியும், மாசாமாசம் ரேகை வாங்குனவனே நான்தான். மேடையில மறந்துபோயிக் கேட்டுட்டேன். என் மானம் போயிருமேன்னு அவனப் பெரிய ஆளாயிட்டான்னு சொன்னேன். அவன் அப்படிச் சொல்லவே இல்ல. நான் சொன்னது பொய்."

மணிமாறன் மேஜையைப் பார்த்தார். நாகலிங்கம் மட்டையில் மூலையோரமாகச் சிறிதாகக் கையெழுத்துப் போட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி யார் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தார்.

அடுப்படி வாசலில் கீழக்கரை அகமது கபீர் நின்றிருந்தார். மெஸ் சமையல்காரர். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அம்பயர்.

"எல்லாம் சரிதான் நாகலிங்கம். ஒண்ணு மட்டும் தப்பாச் சொல்றே," என்றார்.

"என்ன பாய்?"

"எழுதத் தெரியாதுன்னியே, அது மார்ச்சு மாசக் கதை. அதுக்கப்புறம் நாலு மாசம் இங்கதான் சப்பாத்திப் பலகையில மாவத் தூவி, விரலால பேர எழுதிப் பழகுனான். எழுதித் தந்தது நான். ஜூலையில கையுறை வாங்க உன் ஜன்னலுக்கு வந்தப்ப, சட்டைப் பையில பேனா இருந்துச்சு. ஏப்ரான் வாங்க நான் அவனுக்குப் பின்னாடியே நின்னேன். நீ தலைய நிமித்தாம அவன் கையப் புடிச்சு மைப்பெட்டியில அமுக்கிட்டே."