பேர் வெட்டிய தட்டு

எவர்சில்வரில் பேர் வெட்டும் மிஷினின் 'ட்ர்ர்ர்' சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பல் கூசும். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுண் பாத்திரக் கடைகளில் எது வாங்கினாலும், வாசலில் உட்கார்ந்திருப்பவர் அதில் வீட்டார் பேரை வெட்டித் தருவார். விசேஷத்துக்கு இரவல் போன குடமும் போணியும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்பும்.

முக்கூடலில் இருந்து வந்து, டவுணில் ஹாஸ்டலில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு என் கூட்டாளி கணபதி வீட்டில். அந்தத் தீபாவளிக்கு அவன் அம்மா புதுத் தட்டு ஒன்றில் 'செ. இசக்கிமுத்து' என்று வெட்டி வாங்கி வந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டுக்கு வெளியே என் பேரை நான் பார்த்தது அன்றுதான். டவுணில் எனக்கும் ஒரு வீடு ஆயிற்று என்று பூரித்துப்போனேன்.

லீவுக்கு ஊருக்குப் போனதும் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். வாழைத்தார் சுமந்த தோளைத் தடவிக்கொண்டே கேட்டவர், "கழுவி எங்கன வைக்காவ?" என்றார்.

"தெரியலப்பா."

"பாருலே. மத்த தட்டோட கலந்துரக் கூடாதுன்னும் பேரு வெட்டுவாவ."

அடுத்த சனிக்கிழமை கை கழுவும் சாக்கில் புறவாசலுக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்கு மேலே, சுவர் மாடத்தில், என் தட்டு தனியாகச் சாய்ந்திருந்தது. மற்ற தட்டுகளெல்லாம் உள்ளே அடுக்களையில்.

"என்னலே, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்று வந்த கணபதி, நான் பார்த்த இடத்தைப் பார்த்தான். தினமும் அங்கேயே குளிக்கிறவன், அன்றுதான் அதைப் பார்த்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. விறுவிறுவென்று என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். கூடவே போய் உட்கார்ந்த என் முன்னால் தன் தட்டைத் தள்ளினான்.

"எம்மா, இதுல போடு."

"ய்யா, அது இசக்கி தட்டுல்லா!"

"அவன் என் தட்டுல திம்பான். சோறு ஒரே பானைதான?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு இருவருக்கும் பரிமாறினார்கள். இனி இந்த வீடு எனக்கு இல்லை என்ற பயத்தில், குழம்பில் உப்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் வரமாட்டேன் என்றவனைக் கணபதிதான் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனான். மாடத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன. பெற்ற பிள்ளையின் தட்டையும் வெளியே வைத்துவிட்டார்கள்! முதல் அடியைவிட இது பெரிதாக விழுந்தது எனக்கு. அவனோ சிரித்தான்: "ஒனக்குத் தொணைக்கு நானும் வந்துட்டேம்லே." பள்ளிப் படிப்பு முடிகிறவரை, எது யாருடையது என்று பார்க்காமல் அந்த இரண்டில்தான் சாப்பிட்டோம்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் துணிக்கடை. பாத்திரக் கடை வாசல்களில் பேர் வெட்டுகிறவரும் இல்லை. கணபதி என் வீட்டுக்கு வந்தால் நேரே அடுக்களைக்குள் போய்க் கைக்குக் கிடைத்த தட்டை எடுத்துக்கொள்வான். எங்கள் தட்டுகளில் யார் பேரும் கிடையாது. ஆனாலும் வேறு யார் வீட்டில் சாப்பிட்டாலும், கழுவிய தட்டு எங்கே போகிறது என்று என் கண் பின்னாலேயே போகிறது.